அச்சமும் பெருமிதமும்: எச்.ஏ. கிருஷ்ண பிள்ளையின் வழிப்பயணம்

மெய்ப்பாடுகளை எட்டென வகுத்த தொல்காப்பியர், அச்சத்தை ஐந்தாவதாகவும் பெருமிதத்தை ஆறாவதாகவும் வைத்தார். அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை ஆகிய நான்கும் அச்சம் பிறக்கும் களங்கள் என்றார். கல்வி, தறுகண், புகழ், கொடை ஆகிய நான்கும் பெருமிதத்தின் களங்கள் என்றார். அச்சத்தை அடுத்துப் பெருமிதம் நிற்கும் இவ்வைப்பு முறையை ஒரு மனிதரின் வாழ்க்கையாகவே காண வேண்டுமாயின், 'இரட்சணிய யாத்திரிகம்' பாடிய எச்.ஏ. கிருஷ்ண பிள்ளையின் வரலாற்றைக் காணலாம்.

1827-ஆம் ஆண்டு நெல்லைச் சீமையில் வைணவ வேளாளர் குடியில் பிறந்தவர் கிருஷ்ண பிள்ளை. தந்தையார் கம்பராமாயணத்தில் தோய்ந்தவர். ஆழ்வார்களின் பாசுரமும் கம்பனின் விருத்தமும் அவருக்கு இளமையிலேயே செவிச் செல்வமாயின. 1853-இல் சாயர்புரத்தில் கிறித்தவத் திருச்சபையினர் நடத்திய கல்விச்சாலையில் தமிழாசிரியராக அமர்ந்தார். ஊதியத்துக்காகச் சென்றவரே அன்றி, சமயம் நாடிச் சென்றவர் அல்லர். ஆயினும் நண்பர் தனக்கோடி ராஜுவும் இளவல் முத்தையா பிள்ளையும் அவருக்கு முன்னரே கிறித்தவம் தழுவினர். நண்பர் வழியாக அவர் கைக்கு வந்த நூல்களுள் ஒன்று, ஆங்கில நாட்டு ஜான் பனியன் எழுதிய மோட்சப் பயணக் கதை.

அந்நூல் அச்சத்தை நன்கறிந்த ஒருவரால் எழுதப்பட்டதாகும். அரசின் இசைவின்றிச் சமயவுரை ஆற்றினார் என்பதற்காகப் பனியன் 1660-இல் சிறைப்பட்டார். இனிப் பேசுவதில்லை என்று ஒரு வாக்குக் கொடுத்திருப்பின் விடுதலை கிடைத்திருக்கும். அதனைக் கொடுக்க மறுத்து 1672 வரை பெட்போர்டு சிறையில் இருந்தார். அவர் அஞ்சாதவர் அல்லர். தம் பார்வையற்ற மகள் என்னாவாளோ என்று சிறையில் நெஞ்சு நடுங்கியதைத் தம் வரலாற்றில் அவரே எழுதியுள்ளார். நடுக்கத்தோடே உறுதியைக் கைவிடாதிருந்தார் என்பதே அவர் பெருமை.

1678-இல் வெளிவந்த அக்கதையில், தொல்காப்பியர் எண்ணிய நான்கு களங்களும் ஒருங்கே அமைந்திருப்பது தமிழ் கற்றார்க்கு வியப்பளிக்கும். பயணியை மறிக்கும் பேயுரு அணங்கு. மாளிகை வாயிலில் உறுமும் சிங்கங்கள் விலங்கு. 'சிறு நம்பிக்கை' என்பானின் பொருளைப் பறித்தோர் கள்வர். மாயச் சந்தையில் உண்மை பேசிய துணைவனுக்குக் கொலைத்தண்டம் விதித்த முறைமன்றம், இறையின் ஆணை. ஒவ்வொன்றையும் வெல்லும் வழி வெவ்வேறாக உள்ளது. சிங்கங்களைக் கண்டு இருவர் திரும்பி ஓடுகின்றனர்; அவை சங்கிலியால் பிணிக்கப்பட்டவை என்பதை அவர்கள் அறியவில்லை. பாதையின் நடுவே நடப்பவனை அவை தீண்டுவதில்லை. பேயுருவின் முன் பயணி ஓடிவிடவே எண்ணுகிறான். தன் முதுகுக்குக் கவசம் இல்லை என்பதை உணர்ந்து நின்று பொருகிறான். புறப்புண் நாணி வடக்கிருந்த சேரமானைப் பாடிய மொழியினர்க்கு இக்காட்சி அயலானதன்று.

ஆயின் கிருஷ்ண பிள்ளையை வாட்டிய அச்சம் இந்நான்கிலும் அடங்காதது. அது உற்றாரை இழக்கும் அச்சம். மதம் மாறியவரின் சொத்துரிமை பறிபோகாது என 1850-ஆம் ஆண்டின் 21-ஆம் சட்டம் காத்தது. எனினும் பந்தியில் இடமும், தாயின் முகமும், மனையாளின் குடும்பத்தார் உறவும் எந்தச் சட்டத்தாலும் காக்கப்படுவன அல்ல. மேலும் 1857-இல் வடநாட்டில் எழுந்த கிளர்ச்சியின் பின்னர், மதமாற்றம் பற்றிய ஐயமும் சினமும் எங்கும் மிகுந்திருந்த காலம் அது. அத்தகைய நாளில்தான், 1858-இல், அவர் சென்னை வந்து மயிலாப்பூர்த் தூய தோமையார் ஆலயத்தில் திருமுழுக்குப் பெற்றார். ஹென்றி ஆல்பிரட் என்னும் பெயர்கள் அவர் பெயரின் முன் சேர்ந்தன. கிருஷ்ண பிள்ளை என்ற பெயர் நீங்கவில்லை.

நீங்காதது பெயர் மட்டுமன்று. அவர் சமயத்தை மாற்றினார், தமிழை மாற்றவில்லை. பனியனின் உரைநடைக் கதையைக் கம்பன் நடையில் காப்பியமாக்கினார். ஆதி பருவம், குமார பருவம், நிதான பருவம், ஆரணிய பருவம், இரட்சணிய பருவம் என ஐந்து பருவங்களாகப் பகுத்தார். மூலத்தில் இல்லாதவாறு இயேசுவின் பாடுகளை விரித்துப் பாடினார். இடையிடையே தேவாரம் என்ற பெயராலேயே இசைப்பாக்களைப் பதித்தார். 1894-இல் நூல் முழுமையாக அச்சேறியபோது அவருக்கு வயது 67. 'கிறித்தவக் கம்பர்' என்ற பெயர் அவருக்கு நிலைத்தது. 1900-இல் அவர் மறைந்தார்.

பழைய மரபை இழந்துவிடுவோம் என்ற அச்சமும் புதிய நெறியில் அயலாராய் நிற்போம் என்ற அச்சமும் ஒருங்கே அவரைச் சூழ்ந்திருந்தன. இரண்டையும் அவர் வென்றது கவிதையால். தொல்காப்பியர் பெருமிதத்துக்குக் கூறிய களங்களுள் முதலாவது கல்வி என்பதை இங்கு நினைத்தல் தகும்.

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரத்துத் தமிழன்பர்க்கு இவ்வரலாறு தொலைவானதன்று. பூவிருந்தவல்லி, திருக்கச்சி நம்பி தோன்றிய ஊர். இராமாநுசரின் மனத்திலிருந்த ஐயங்களுக்குக் கச்சிப் பேரருளாளனிடம் விடை பெற்றுத் தந்தவர் அவர் என்பது வைணவ மரபு. அவ்வைணவத் தமிழின் வளத்தில் வளர்ந்த நாவே பின்னர் இயேசுவைப் பாடிற்று.

பனியன் கதையில் ஐயக் கோட்டை ஒன்று வருகிறது. அதன் தலைவனாகிய அவநம்பிக்கை அரக்கன், பயணியையும் தோழனையும் இருட்டறையில் அடைத்துப் புடைக்கிறான். பல நாள் துன்புற்ற பின்னரே, எப்பூட்டையும் திறக்கும் வாக்குறுதி என்னும் திறவுகோல் தன் மார்பிலேயே கிடந்ததைப் பயணி நினைவுகூர்கிறான். இறுதியில் பாலமில்லா ஆற்றைக் கடக்கையில் அச்சம் மீண்டும் அவனை அமிழ்த்துகிறது. அப்போது அவன் தலையை நீர்மேல் தாங்கிப் பிடிப்பவன் உடன்வந்த தோழன். இறுதி வரை அச்சம் முற்றும் அகலவில்லை, அவன் கரையேறினான்.