ஊமைத்துரை

ஊமைத்துரை (இறப்பு: 16 நவம்பர் 1801): பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் வீரபாண்டிய கட்டபொம்மனின் தம்பி. இயற்பெயர் குமாரசாமி. தென்னாட்டில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எதிராக எழுந்த 1801ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின் தலைவர்களுள் ஒருவர். நாடகமும் திரைப்படமும் அண்ணனையே கொண்டாடின. போர் நடத்திய விதத்தைப் பார்த்தால் தம்பி அவருக்கு ஒரு படி மேல் என்றே சொல்லத் தோன்றுகிறது.

1799 அக்டோபர் 16 அன்று கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை இடித்துத் தள்ளப்பட்டது. தம்பியர் பாளையங்கோட்டையில் சிறை வைக்கப்பட்டனர். 1801 பிப்ரவரி 2 அன்று கம்பெனிப் படை அதிகாரி மேஜர் மெக்காலே வீட்டில் வெள்ளையர்கள் விருந்துண்டுகொண்டிருந்தபோது கைதிகள் தப்பினர். சில நாட்களிலேயே கோட்டைச் சுவர் மறுபடி எழுந்துவிட்டது. ஊரே திரண்டு மண் சுமக்காமல் இது நடந்திருக்காது. மார்ச் 31 அன்று மெக்காலே நடத்திய தாக்குதல் அந்த மண் சுவரில் மோதித் தோற்றது. பெரும்படையுடன் வந்த கர்னல் அக்னியூ மே 24 அன்றுதான் கோட்டையைப் பிடித்தார்.

எதிரணியில் போரிட்ட ஜேம்ஸ் வெல்ஷ் பின்னாளில் எழுதிய நினைவுக் குறிப்புகளில், வாய் பேச இயலாத இந்த மெலிந்த இளைஞரை மக்கள் தெய்வமாகவே மதித்தார்கள் என்கிறார். துரும்புகளை இடது உள்ளங்கையில் ஆங்கிலப் படைபோல அடுக்கி, வாயால் ஓர் ஒலி எழுப்பியபடி மறுகையால் வழித்துத் தள்ளுவாராம். தாக்குங்கள் என்பதற்கு அதுவே சைகை. கோட்டை விழுந்த நாளில் படுகாயத்துடன் கிடந்தவரை ஒரு கிழவி தூக்கிச் சென்று காப்பாற்றினாள். தேடி வந்தவர்களிடம் உள்ளே கிடப்பவருக்கு அம்மை என்று சொல்லி விரட்டிய கதையும் வெல்ஷ் தந்ததே.

பின்னர் ஊமைத்துரை சிவகங்கைச் சீமைக்குச் சென்று, அதை ஆண்டுவந்த மருது சகோதரர்களுடன் சேர்ந்தார். ஜூன் 16 அன்று சின்ன மருதுவின் பெயரில் வெளியான ஜம்புத் தீவு அறிவிப்பு, திருச்சிராப்பள்ளிக் கோட்டையிலும் திருவரங்கம் கோயிலிலும் ஒட்டப்பட்டது. சாதி வேறுபாடின்றி எல்லோரையும், கம்பெனிச் சிப்பாய்களையும்கூட, வெள்ளையருக்கு எதிராக எழச் சொன்னது அது. காளையார்கோவில் காடு கிளர்ச்சிக்காரர்களின் அரண். சிறுவயலிலிருந்து அதன் ஊடே பாதை வெட்டும் வேலையை ஜூலை இறுதியில் அக்னியூ தொடங்கினார். முள்மரங்களை வெட்டியவர்கள்மீது புதரிலிருந்து குண்டும் வேலும் பாய்ந்தன. ஒரு மாதம் போராடிய பின் அந்தப் பாதை கைவிடப்பட்டது.

பாதையால் முடியாததைப் பட்டம் சாதித்தது. அரச மரபினரான கௌரி வல்லப உடையத்தேவரைச் சிவகங்கை ஜமீன்தாராகக் கம்பெனி அறிவிக்க, மருதுவின் ஆட்களில் பலர் புதிய எஜமானர் பக்கம் சாய்ந்தனர். அக்டோபர் 1 அன்று பல முனைத் தாக்குதலில் காளையார்கோவில் வீழ்ந்தது. மருது சகோதரர்கள் அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். திண்டுக்கல் பக்கம் தப்பிய ஊமைத்துரை பிடிபட்டு, சகோதரர் சிவத்தையாவுடன் பாஞ்சாலங்குறிச்சியிலேயே தூக்கிலிடப்பட்டார்.

1936 முதல் வசீரிஸ்தான் மலைகளில் பிரிட்டிஷ் படைக்குத் தண்ணி காட்டிய பஷ்தூன் தலைவர் இப்பி பக்கீரின் கதை இதனோடு ஒப்பிடத்தக்கது. மிர்சா அலி கான் என்ற இயற்பெயர் கொண்ட அவர் கடைசிவரை பிடிபடவேயில்லை. 1960இல் இயற்கையாக இறந்தார். அவருக்குப் பின்னால் ஆப்கானிஸ்தான் எல்லை இருந்தது. ஊமைத்துரைக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் கம்பெனி அல்லது அதன் நண்பர்களின் நாடு. கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்ததே புதுக்கோட்டைத் தொண்டைமான்தான்.

கிளர்ச்சி ஒடுக்கப்பட்ட பின், 1801 டிசம்பரில் சென்னைக் கோட்டையின் ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட அறிவிப்பு, பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடை செய்தது. சின்ன மருதுவின் மகன் துரைசாமி உட்பட எழுபதுக்கும் மேற்பட்டோர் 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து பினாங்குக்குக் கப்பலேற்றப்பட்டனர்.