இரைப்பை அறுவை சிகிச்சைக்குப் பின் நெடுந்தூர ஓட்டம்: காலைவிட வயிற்றுக்கே அதிகப் பயிற்சி

உடல் எடையைக் குறைப்பதற்காக இரைப்பையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் ஓடலாமா? பத்து கிலோமீட்டர், அரை மராத்தான், போர்ட்டிக்சனில் நடக்கும் டிரையத்லான் வரை போகலாமா? போகலாம். உலகில் பலர் போயிருக்கிறார்கள். ஆனால் மற்ற ஓட்டக்காரர்களுக்குச் சொல்லப்படும் ஆலோசனைகளில் பாதி இவர்களுக்குப் பொருந்தாது. சில ஆலோசனைகள் ஆபத்தானவையும்கூட.

2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் அளவுக்கு மீறிய எடை அல்லது உடல் பருமன் கொண்டவர்கள். இனவாரியாகப் பார்த்த முந்தைய ஆய்வுகளில் இந்தியர்களின் விகிதமே முன்னால் நிற்கிறது. நெகிரி செம்பிலான் தோட்டங்களை அறிந்தவர்களுக்கு இதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. பால்மரம் வெட்டிய காலத்தில் விடியலுக்கு முன் பிரட்டுக்கு நின்று, நானூறு ஐந்நூறு மரங்களைச் சுற்றி, பால் வாளியையும் சுமந்து திரும்பியவர்கள் நம் தாத்தா பாட்டிகள். ரப்பர் போய் செம்பனை வந்தது. லாபு, ரந்தாவ், பகாவ் பக்கத்துப் பிள்ளைகள் சிரம்பானுக்கும் நீலாய்க்கும் வந்து லாரியிலும் தொழிற்சாலையிலும் பாதுகாவலர் சாவடியிலும் உட்கார்ந்தார்கள். சோற்றின் அளவு மட்டும் மாறவில்லை. இனிப்பு நீர், இரத்த அழுத்தம், முழங்கால் வலி என்று கிளினிக் அட்டைகள் சேர்ந்த பிறகுதான் அறுவை சிகிச்சை என்ற பேச்சு வீட்டில் எழுகிறது.

இந்தச் சிகிச்சைக்கு மருத்துவத்தில் 'பேரியாட்ரிக்' என்று பெயர். எடை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ('பாரம்' என்ற சொல்லோடு ஒலி ஒத்திருந்தாலும் இரண்டுக்கும் உறவில்லை.) இன்று அதிகம் செய்யப்படுபவை இரண்டு முறைகள். 'ஸ்லீவ்' முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேல் வெட்டி எடுக்கப்படுகிறது. மிஞ்சுவது வாழைப்பழம் போன்ற ஒரு குழாய். 'பைபாஸ்' முறையில் இரைப்பையின் மேற்பகுதியில் முட்டை அளவு பை ஒன்றை உருவாக்கி, அதை நேரே சிறுகுடலோடு இணைக்கிறார்கள். உணவு சிறுகுடலின் முதல் பகுதியைத் தொடாமல் தாண்டிப் போகிறது. இரும்பும் கால்சியமும் அதிகம் உறிஞ்சப்படுவது அந்த முதல் பகுதியில்தான் என்பதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

யாருக்கு இது பொருந்தும்? பிஎம்ஐ எனப்படும் உடல் எடைக் குறியீடு 35க்கு மேல் இருந்தால் அறுவை சிகிச்சையைப் பரிந்துரைக்கலாம் என்று 2022இல் வந்த அனைத்துலக வழிகாட்டி சொல்கிறது. ஆசியர்களுக்கு அந்த எல்லை 27.5. குறைந்த எடையிலேயே நமக்கு இனிப்பு நீர் வந்துவிடுவதே காரணம். நம் மாநிலத்தவர்கள் எளிதில் போய்வரக்கூடிய தூரத்தில், கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்திலும் செராஸில் உள்ள துவாங்கு முஹ்ரிஸ் வேந்தர் மருத்துவமனையிலும் இச்சிகிச்சை செய்யப்படுகிறது. பின்னது நம் மாநில ஆட்சியாளரின் பெயரைத் தாங்கியது.

ஓட்டத்துக்கு வருவோம். உலகம் அறிந்த எடுத்துக்காட்டு, அமெரிக்கத் தொலைக்காட்சியில் வானிலை அறிக்கை வாசிக்கும் அல் ரோக்கர். 140 கிலோவுக்கும் மேல் இருந்த அவர் 2002இல் பைபாஸ் செய்துகொண்டார். முதலில் அதை வெளியில் சொல்லவில்லை. 45 கிலோவுக்கும் மேல் குறைந்தது. சில ஆண்டுகளில், தாயார் நோயில் கிடந்த காலத்தில், குறைந்த எடையில் ஒரு பகுதி திரும்பி வந்தது. மறுபடியும் குறைத்தார். 2010 நவம்பரில், 56 வயதில், நியூயார்க் மராத்தானின் 42.195 கிலோமீட்டரை ஏழு மணி நேரத்துக்குச் சற்று மேல் எடுத்து முடித்தார். பந்தய நேரமாகப் பார்த்தால் அது பெரிய சாதனையல்ல. அறுவை சிகிச்சைக்கும் மராத்தானுக்கும் இடையே எட்டு ஆண்டுகள் இருந்தன என்பதைத்தான் நம் வாசகர்கள் கவனிக்க வேண்டும். 'ஆபரேஷன் முடிந்து ஆறே மாதத்தில் மராத்தான்' என்று யாராவது உங்களிடம் சொன்னால் கீழே உள்ள கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

ஓடும்போது ஒரு கிலோ எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, ஏறக்குறைய ஒரு கலோரி செலவாகிறது. 80 கிலோ உள்ள ஒருவர் 10 கிலோமீட்டர் ஓடினால் 800 கலோரி. சிகிச்சை முடிந்த முதல் சில மாதங்களில் பலரால் ஒரு நாள் முழுவதும் சாப்பிட முடிவதே 800லிருந்து 1,000 கலோரிதான். அன்றைய சோறு முழுவதையும் ஒரே ஓட்டத்தில் எரித்துவிட்டு, இதயத்துக்கும் மூளைக்கும் எதைக் கொடுப்பது? உடல் தசையைத் தின்னத் தொடங்கும். ஏற்கெனவே வேகமாக எடை குறையும்போது கொழுப்போடு தசையும் சேர்ந்துதான் கரைகிறது.

அதனால் முதல் ஆண்டு நடைக்கும் தசைப் பயிற்சிக்கும் உரியது. நடையை மருத்துவமனையிலேயே, பெரும்பாலும் சிகிச்சை நடந்த அன்றோ மறுநாளோ தொடங்கி வைத்துவிடுவார்கள். கனமான பொருளைத் தூக்குவதற்கு நான்கு முதல் ஆறு வாரமாவது பொறுக்க வேண்டும். கடலிலோ குளத்திலோ இறங்கும் முன் காயங்கள் முழுதும் மூடியிருக்க வேண்டும். மெதுவோட்டத்தை மருத்துவர் சம்மதித்த பிறகு ஐந்து நிமிட நடை, ஒரு நிமிட ஓட்டம் என்று கலந்து தொடங்கலாம். எடை ஓரிடத்தில் நிலைத்து, இரத்தப் பரிசோதனை முடிவுகளும் சரியாக இருந்தால் 21 கிலோமீட்டரைப் பற்றி யோசிக்கலாம்.

நடை என்றால் இளக்காரமாக நினைப்பவர்கள் 1998ஐ நினைத்துப் பார்க்கட்டும். கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில் 50 கிலோமீட்டர் நடையில் தங்கம் வென்றவர் நம் கோ. சரவணன்தான். முழங்காலுக்கும் நடை நல்லது. குறையும் ஒவ்வொரு கிலோ எடைக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் சுமை நான்கு கிலோ குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன.

உடற்பயிற்சி செய்தால் எடை இன்னும் வேகமாக இறங்கும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாறலாம். அமெரிக்காவில் பைபாஸ் செய்துகொண்ட 128 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்து நடத்திய ஆய்வு 2015இல் வெளியானது. ஒரு பிரிவினர் ஆறு மாதங்களுக்கு வாரம் 120 நிமிடமாவது உடற்பயிற்சி செய்தார்கள். முடிவில் இரு பிரிவினரின் எடைக்குறைவும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் பயிற்சி செய்தவர்களின் உடல் இன்சுலினுக்கு இன்னும் நன்றாகச் செவிசாய்த்தது. இதய, நுரையீரல் திறனும் கூடியது. இனிப்பு நீர் பரம்பரையாக வரும் குடும்பங்களுக்கு, தராசு முள் காட்டுவதைவிட இது பெரிய செய்தி.

மைலோ லாரியும் ஜெல் பாக்கெட்டும்

மலேசிய ஓட்டப் போட்டிகளில் முடிவுக்கோட்டைத் தாண்டியதும் குளிர்ந்த மைலோ கொடுப்பது வழக்கம். வழியில் இசோடோனிக் பானம், இனிப்பு ஜெல். இரைப்பை சுருங்கியவருக்கு இந்த மூன்றும் சோதனை.

சர்க்கரை அதிகமுள்ள பானம் சிறிய இரைப்பையில் தங்காமல் நேரே குடலில் போய் விழுகிறது. அரை மணி நேரத்துக்குள் வயிற்றுப் பிடிப்பு, படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு. 'டம்பிங்' என்று இதைச் சொல்வார்கள். பைபாஸ் செய்தவர்களிடம் அதிகம். ஸ்லீவ் செய்தவர்களுக்கும் வரலாம். இதைவிட மோசமானது ஒரு மணி முதல் மூன்று மணி நேரம் கழித்து வருவது. சர்க்கரையைக் கண்டு உடல் அளவுக்கு மீறி இன்சுலினைச் சுரக்க, இரத்தத்தில் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். ஓட்டம் முடிந்து மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும் நேரமாக அது இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு மாற்று உண்டு. மருந்தகத்தில் கிடைக்கும் ஓஆர்எஸ் உப்புக் கரைசலில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான். வழக்கமான விளையாட்டுப் பானங்களில் இதைப்போல் நான்கு மடங்கு வரை சர்க்கரை இருக்கலாம். இரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் மட்டும் உப்பைப் பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும். நுரைக்கும் பானங்களைத் தவிர்ப்பது நல்லது. வாயு சேர இடமில்லை. நீண்ட ஓட்டத்தில் பாதி வாழைப்பழத்தைப் பல கடியாகப் பிரித்துச் சாப்பிடுவது சிலருக்கு ஒத்துக்கொள்ளும், சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. எதுவானாலும் பயிற்சி நாளில் சோதித்துப் பார்த்த பிறகே போட்டிக்குக் கொண்டு போக வேண்டும்.

தண்ணீர் இன்னொரு சிக்கல். தாகம் எடுத்ததும் மடமடவென்று குடிப்பது இனி நடக்காது. நம் வெயிலிலும் புழுக்கத்திலும், விட்டதை ஒரே மூச்சில் பிடிக்க வழியில்லை என்பதால் முந்திய நாளிலிருந்தே சிறுசிறு மிடறாகக் குடித்துவர வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு மிடறு என்று கைக்கடிகாரத்தில் மணி வைத்துக்கொள்வது எளிய வழி.

தேத்தண்ணியும் போன்ஸ்தானும்

மூச்சு வாங்குகிறது, மாடி ஏறினால் தலை சுற்றுகிறது, பயிற்சி செய்தும் வேகம் கூடவில்லை என்றால் சோம்பலைக் குறை சொல்லாதீர்கள். இரும்புச்சத்து குறைந்திருக்கலாம். குடலின் முதல் பகுதியை உணவு தாண்டிப் போவதால் இரும்பு, கால்சியம் இரண்டும் குறையும். பி12 உயிர்ச்சத்தும் குறையும். மாதவிலக்கு உள்ள பெண்களுக்கு இது இன்னும் சீக்கிரம் வரும். மாத்திரையை ஆயுள் முழுவதும் எடுக்க வேண்டும் என்பதைப் பலர் இரண்டாம் ஆண்டிலேயே மறந்துவிடுகிறார்கள். இரும்பு மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்கினால் பாதி வீண். கால்சியம் மாத்திரையையும் அதையும் ஒன்றாகப் போடக்கூடாது; இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். முதல் ஆண்டில் சில மாதங்களுக்கு ஒருமுறையும் அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறையும் இரத்தப் பரிசோதனை அவசியம். எலும்பு மெலிந்தால் நெடுந்தூர ஓட்டமே எலும்பில் கீறல் விழக் காரணமாகிவிடும்.

புரதம் நாளுக்கு 60 கிராமாவது தேவை. தட்டில் முதலில் முட்டை, மீன், கோழி, பிறகு காய்கறி, இடமிருந்தால் சோறு. சைவர்களுக்குப் பருப்பு மட்டும் போதாது. தௌஹூவும் தெம்பேயும் தயிரும் கை கொடுக்கும். கல்யாண வீட்டில், "என்னப்பா, கோழி கொறிக்கிற மாதிரி சாப்பிடுற?" என்று அத்தைமார்கள் கேட்பார்கள். கேட்கட்டும்.

அடுத்தது போன்ஸ்தான். ஓடுபவர்கள் முழங்கால் வலிக்கு நண்பரிடமிருந்து வாங்கிப் போட்டுக்கொள்ளும் மாத்திரை. போன்ஸ்தான், வோல்டரன், புரூஃபன் எல்லாம் ஒரே குடும்பம். பைபாஸ் செய்தவர்களின் சிறிய இரைப்பையில் இவை புண்ணை உண்டாக்கும். அந்தப் புண்ணில் இரத்தம் கசியலாம், ஓட்டையும் விழலாம். ஸ்லீவ் செய்தவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. வலிக்குப் பனடோல் போதும். அதற்கும் அடங்காத வலி என்றால் அன்று ஓட வேண்டியதில்லை.

இனிப்பு நீருக்கு இன்சுலினோ கிளிக்லசைடோ எடுப்பவர்கள், எடை குறையக் குறைய மருந்தின் அளவும் குறைய வேண்டியவர்கள். பழைய அளவைப் போட்டுக்கொண்டு காலையில் ஓடினால் சர்க்கரை தரைதட்டும். இரத்த அழுத்த மாத்திரைக்கும் இது பொருந்தும். ஆனால் மருந்தை நீங்களே நிறுத்திவிடவும் கூடாது. கிளினிக்கில் "நான் இப்போது வாரம் நான்கு நாள் ஓடுகிறேன்" என்று வாய்விட்டுச் சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும்.

இனிப்பு நீர் உள்ளவர்கள் ஓடக்கூடாது என்ற எண்ணமும் இன்னும் இருக்கிறது. 2021இல் தமிழ்நாட்டின் சுகாதார அமைச்சரான மா. சுப்பிரமணியன் சர்க்கரை நோயுள்ளவர். விபத்தில் முழங்காலில் அடிபட்டவர். ஐம்பதைத் தாண்டிய பிறகு ஓடத் தொடங்கி நூற்றுக்கும் மேற்பட்ட அரை மராத்தான்களை முடித்திருக்கிறார். அவர் இரைப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் அல்லர். வயதும் நோயும் மட்டுமே தடையாகாது என்பதற்கு அவரைச் சொல்கிறேன்.

எங்கே ஓடுவது? சிரம்பான்வாசிகளுக்கு ஏரிப்பூங்கா இருக்கிறது. ஏற்றம் பழக வேண்டுமென்றால் 825 மீட்டர் உயர அங்சி மலையும் ரெம்பாவில் 884 மீட்டர் டத்தோ மலையும் உண்டு. ஆனால் அவை இரண்டாம் ஆண்டுக்கானவை. தோட்டத்தில் இருப்பவர்களுக்குச் செம்பனைக்கு இடையே போகும் செம்மண் சாலையே போதும், லாரியும் நாயும் வராத நேரம் பார்த்துப் போனால் சரி. நம் ஊரில் ஏழு மணிக்குத்தான் விடிகிறது. ஆறு மணிக்குப் புறப்படுபவர்கள் ஒளி பிரதிபலிக்கும் சட்டை போட வேண்டும். எடை குறைந்து தொங்கும் தோல் உரசிப் புண்ணாகும். இறுக்கமான உள்சட்டையும் வேசலினும் உதவும்.

நெடுந்தூரம் நடப்பது நமக்குப் புதிதல்ல. தைப்பூசத்துக்குக் கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளி ரதத்தோடு பத்துமலைக்குப் பதினைந்து கிலோமீட்டர் நடந்து, மேலும் 272 படி ஏறுபவர்கள் நம்மில் எத்தனையோ பேர். அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் இந்த நேர்த்தியைச் செய்யலாம். ஆனால் விரதத்தின் பேரில் ஒருவேளை உணவோடு நிறுத்துவதும் மாத்திரையை விடுவதும் இந்த உடலுக்கு ஆகாது. இனிப்பு நீரால் பாதம் மரத்துப் போனவர்கள் வெறுங்காலோடு சூடான தாரில் நடந்தால் கொப்புளம் வந்ததே தெரியாது.

அறுவை சிகிச்சையை மறைப்பவர்கள் நம் சமூகத்தில் அதிகம். குறுக்கு வழியில் இளைத்தான் என்ற பேச்சுக்கு அஞ்சுகிறார்கள். வீட்டார், உறவினர் எவரிடம் சொல்வது என்பது அவரவர் விருப்பம். உடன் ஓடும் ஒருவரிடமாவது சொல்லி வையுங்கள். மயங்கி விழுந்தால் இனிப்பு பானத்தை வாயில் ஊற்றுவதற்கும் வலி மாத்திரையை நீட்டுவதற்கும் ஆட்கள் ஓடி வருவார்கள். பல போட்டிகளில் மார்பில் குத்தும் எண் அட்டையின் பின்புறம் உடல்நிலையைக் குறிக்க இடம் விட்டிருப்பார்கள். பெரும்பாலோர் அதை வெறுமையாகவே விடுகிறார்கள். அங்கே செய்துகொண்ட சிகிச்சையின் பெயர், ஆண்டு, ஒவ்வாத மருந்து, அழைக்க வேண்டிய தொலைபேசி எண் ஆகியவற்றை அழியாத மையில் மலாயில் எழுதுங்கள். பைபாஸ் என்றால் 'பெம்பெடாஹான் பிந்தாசான் காஸ்திரிக்'.