யூதர்களின் மன்னிப்பு நாளும் மட்டாஞ்சேரி வாசற்படியும்

2025ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் தேதி மூன்று விசேஷங்கள் ஒன்றாக வந்தன. காந்தி ஜெயந்தியும் விஜயதசமியும் நம் வீட்டுக் காலண்டரில் அச்சாகியிருந்தன. மூன்றாவது அதில் இல்லை. அது யூதர்களின் யோம் கிப்பூர். தமிழ் வேதாகமத்தில் 'பாவநிவிர்த்தி நாள்' என்று வருமே, அந்த நாள்தான்.

விஜயதசமியும் அதுவும் ஒரே நாளில் வந்தது வெறும் தற்செயல் அல்ல. யூதர்களின் மாதமும் அமாவாசையை ஒட்டித்தான் பிறக்கிறது. நமக்கு வளர்பிறை தசமி. அவர்களுக்கு திஷ்ரி மாதம் 10ஆம் நாள். எல்லா வருஷமும் இரண்டு கணக்கும் ஒத்துப்போகாது. அந்த வருஷம் ஒத்துப்போனது.

காந்திகிராமத்தில் சர்வ சமயப் பிரார்த்தனையைக் கேட்டுப் பழகியவர்கள் நாம். கீதை, குர்ஆன், பைபிள், புத்தர் வாக்கு எல்லாம் காதில் விழுந்திருக்கின்றன. யூதர்களின் பிரார்த்தனை எப்படி இருக்கும் என்று நமக்கு அவ்வளவாகத் தெரியாது. அதைப் பற்றிப் படித்ததைச் சொல்கிறேன். நமக்குப் பக்கத்து மாநிலத்தில் அந்தப் பிரார்த்தனைக்கு ஒரு சோதனை வந்தது. அதையும் சொல்ல வேண்டும்.

அவர்களுடைய புத்தாண்டு ரோஷ் ஹஷானா. அன்று ஆட்டுக்கடாக் கொம்பை ஊதுவார்கள். அதிலிருந்து பத்தாம் நாள் யோம் கிப்பூர். இடைப்பட்ட நாட்கள் கணக்குத் தீர்க்கும் நாட்கள். கணக்கு என்றால் பணக் கணக்கு மட்டும் இல்லை. யாரிடம் கோபித்தோம், யாரை ஏமாற்றினோம், யாரைப் பற்றிப் புறம் பேசினோம் என்று பார்த்து, அவர்களிடமே போய் மன்னிப்புக் கேட்க வேண்டிய நாட்கள்.

பத்தாம் நாள் உபவாசம். முதல் நாள் சூரியன் மறைவதற்கு முன் தொடங்கி, மறுநாள் நட்சத்திரம் தெரியும் வரை சுமார் 25 மணி நேரம். சாப்பாடு, தண்ணீர் இரண்டும் கிடையாது. குளியல், எண்ணெய் வாசனைப் பூச்சு, தோல் செருப்பு, தாம்பத்தியம் இவையும் கூடாது. நோயாளிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் விலக்கு உண்டு. விரதத்தால் உயிருக்கு ஆபத்து என்றால் சாப்பிட்டே ஆக வேண்டும் என்பது அவர்கள் சட்டம். சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு ஏகாதசி பட்டினி கிடக்கும் நம் நண்பர்கள் இதைக் கவனிக்கலாம்.

எருசலேமில் கோயில் இருந்த காலத்தில் அன்று இரண்டு வெள்ளாட்டுக் கடாக்களைக் கொண்டுவருவார்கள். ஒன்று பலி. மற்றொன்றின் தலையில் தலைமைக் குரு கைவைத்து, மக்களின் பாவங்களைச் சொல்லி, வனாந்தரத்துக்கு ஓட்டிவிடுவார். லேவியராகமம் 16ஆம் அதிகாரத்தில் இது இருக்கிறது. தமிழ் வேதாகமம் அந்தக் கடாவைப் 'போக்காடு' என்கிறது. கி.பி. 70இல் ரோமானியர்கள் கோயிலை இடித்தார்கள். அதன் பிறகு பலி இல்லை, ஆடும் இல்லை. அந்த இடத்தைப் பிரார்த்தனை எடுத்துக்கொண்டது.

அன்று ஐந்து வேளைப் பிரார்த்தனை. முதல் நாள் மாலை 'கோல் நித்ரே' என்ற அறிக்கையோடு தொடங்கும். கடவுளுக்கு வாக்குக் கொடுத்து நிறைவேற்ற முடியாமல் போனவற்றிலிருந்து விடுவிக்கும் அறிக்கை அது. மனிதருக்குக் கொடுத்த வாக்குக்கும் வாங்கிய கடனுக்கும் அது செல்லாது என்று அவர்களுடைய குருமார்கள் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள்.

பிறகு பாவ அறிக்கை. இது எபிரேய எழுத்து வரிசையில் அமைந்தது. ஔவையாரின் ஆத்திசூடி எழுத்து வரிசையில் அறத்தைச் சொல்கிறதல்லவா? இவர்கள் எழுத்து வரிசையில் குற்றங்களைச் சொல்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் மார்பில் மெல்லத் தட்டிக்கொள்வார்கள். முக்கியமான விஷயம், 'நான் செய்தேன்' என்று சொல்வதில்லை; 'நாங்கள் செய்தோம்' என்பார்கள். திருடாதவரும் திருடினோம் என்கிறார். ஊரில் ஒருவர் செய்த தவறில் மற்றவருக்கும் பங்கு உண்டு என்ற எண்ணம் இதில் இருக்கிறது.

காலையில் ஏசாயா தீர்க்கதரிசியின் ஒரு பகுதியை வாசிப்பார்கள். பட்டினி கிடந்து தலையைத் தொங்கப் போடுவதா நான் கேட்ட உபவாசம், அடிமைத் தளையை அவிழ்ப்பதும் பசித்தவனுக்கு உணவைப் பகிர்வதும் அல்லவா என்று கடவுள் கேட்பதாக வரும் பகுதி அது. வயிறு காய்ந்து உட்கார்ந்திருப்பவர்களிடமே இதை வாசிக்கிறார்கள். மாலையில் யோனாவின் கதை. நினிவே நகரத்தார் சாக்கு உடுத்திப் பட்டினி கிடந்தார்கள், கடவுள் மன்னித்தார். கடவுள் அவர்களுடைய சாக்கையும் பட்டினியையும் பார்த்தார் என்று அங்கே எழுதவில்லை, அவர்கள் செயலைப் பார்த்தார் என்றுதான் எழுதியிருக்கிறது என்று தல்மூத் எடுத்துக்காட்டுகிறது.

கடைசிப் பிரார்த்தனையின் பெயர் 'நெயிலா'. கதவை அடைத்தல் என்று பொருள். நம் தாடிக்கொம்புப் பெருமாள் கோயிலில் வைகுண்ட ஏகாதசியன்று சொர்க்கவாசல் திறப்பதற்குக் காத்திருக்கிறோம். அவர்கள் வாசல் மூடுவதற்குள் உள்ளே போய்விட வேண்டும் என்று தவிக்கிறார்கள். பிறகு ஒரே ஒரு முறை கொம்பு ஊதும். விரதம் முடியும்.

இந்த நாளின் சாரம் ஏறக்குறைய 1800 ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற சட்ட நூலில் இருக்கிறது. மனிதன் கடவுளுக்குச் செய்த குற்றத்தை யோம் கிப்பூர் போக்கும். மனிதன் மனிதனுக்குச் செய்த குற்றத்தை, பாதிக்கப்பட்டவரைச் சமாதானம் செய்யும் வரை, யோம் கிப்பூர் போக்காது. ஐந்து வேளை ஜெபமும் 25 மணி நேரப் பட்டினியும் சேர்ந்தாலும் போக்காது. அடுத்த வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டியதைக் கடவுளிடம் கேட்டு முடித்துக்கொள்ள முடியாது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். மகாராஷ்டிரத்தின் கொங்கண் கரையில் பெனே இஸ்ரவேலர் என்ற யூதர்கள் பல நூற்றாண்டுகளாக வாழ்ந்தார்கள். செக்கில் எண்ணெய் ஆட்டுவது தொழில். சனிக்கிழமை செக்கு ஓட்ட மாட்டார்கள் என்பதால் ஊரார் அவர்களைச் 'சனிவார் தேலி', அதாவது சனிக்கிழமை வாணியர் என்றார்கள். மற்ற யூதர்களோடு தொடர்பு அற்றுப்போய், எபிரேய மொழியும் மறந்துபோயிருந்தது. ஆனாலும் வருஷத்தில் ஒரு நாள் வெள்ளை உடுத்தி, வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, யாரோடும் பேசாமல் பட்டினி கிடப்பார்கள். மராத்தியில் அதற்குக் 'கதவடைக்கும் பண்டிகை' என்று பொருள்படும் பெயர் இருந்தது. யோம் கிப்பூர் என்ற பெயர் போய்விட்டது, நோன்பு போகவில்லை.

கொச்சி யூதர்களின் கதை வேறு. மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய பரதேசி ஜெபக்கூடத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். நானும் போயிருக்கிறேன். நம் கோயிலைப் போலவே செருப்பை வெளியில் விட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சீனாவிலிருந்து வந்த நீல வெள்ளை ஓடுகள் தரை முழுக்கப் பதித்திருக்கும். மேலே கண்ணாடி விளக்குகள். ஸ்பெயின் முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள் என்பதால் அவர்களுக்குப் 'பரதேசி' என்று பெயர். அதற்கு வெகு காலம் முன்பிருந்தே அங்கே வேறு யூதர்களும் இருந்தார்கள். சுமார் கி.பி. 1000இல் பாஸ்கர ரவிவர்மன் ஜோசப் ரப்பானுக்குக் கொடுத்த செப்பேடு வட்டெழுத்தில் இருக்கிறது.

ஓடுகளையும் விளக்குகளையும் பார்ப்பவர்கள் முன்கூடத்தைக் கவனிப்பதில்லை. பரதேசி யூதர்களின் வீடுகளில் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்களும் அவர்கள் வழிவந்தவர்களும் 'மெஷுஹ்ராரிம்' எனப்பட்டார்கள். விடுவிக்கப்பட்டவர்கள் என்று பொருள். அவர்களும் யூதர்கள்தான். அதே விரதம், அதே ஜெபம். ஆனால் உள்ளே பெஞ்சில் உட்காரக் கூடாது. முன்கூடத்தில் தரையில் உட்கார வேண்டும். தோரா சுருளை வாசிக்க அவர்களை அழைப்பதில்லை. பெண் கொடுப்பதும் எடுப்பதும் இல்லை.

இது சரிதானா என்ற கேள்வி 16ஆம் நூற்றாண்டிலேயே கொச்சியிலிருந்து கெய்ரோவுக்குப் போனது. அங்கிருந்த பெரிய சட்ட அறிஞர் டேவிட் இப்ன் ஸிம்ரா, முறைப்படி விடுதலை பெற்று, முறைப்படி சடங்கு முழுக்கும் முடித்தவர்கள் முழு யூதர்களே, மண உறவும் கொள்ளலாம் என்று பதில் எழுதினார். பதில் வந்தது, வழக்கம் மாறவில்லை. வருஷா வருஷம் யோம் கிப்பூர் வந்தது. 'நாங்கள் பாவம் செய்தோம்' என்று உள்ளே மார்பில் தட்டினார்கள். அடிமைத் தளையை அவிழ்ப்பதே உபவாசம் என்ற ஏசாயா பகுதியையும் வாசித்தார்கள். அடிமைகளின் பேரப்பிள்ளைகள் வாசற்படிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இதை எதிர்த்தவர்களில் முக்கியமானவர் ஏ.பி. சேலம். பெயர் ஆபிரகாம் பாரக் சேலம். நம் சேலத்துக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. 1882இல் அந்த முன்கூடத்துச் சமூகத்தில் பிறந்தவர். சென்னையில் சட்டம் படித்து, எர்ணாகுளத்தில் வக்கீல் ஆனார். கொச்சி சட்டசபையில் உறுப்பினராக இருந்தார். 1929 லாகூர் காங்கிரசுக்குப் போனார். காந்தியின் சத்தியாக்கிரகத்தைத் தம் சொந்த ஜெபக்கூடத்திலேயே கையாண்டார். சில காலம் அங்கே வழிபடப் போகாமல் புறக்கணித்தார். 'யூத காந்தி' என்று பெயர் வந்தது. 1930களிலிருந்து படிப்படியாகத் தடைகள் தளர்ந்தன. முதலில் உட்கார இடம், பிறகு மற்ற உரிமைகள். 1967இல் அவர் காலமானார்.

அதற்குள் இஸ்ரேல் உருவாகி, கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் 1950களில் அங்கே போய்விட்டார்கள். கூட்டு ஜெபத்துக்கு வயது வந்த ஆண்கள் பத்துப் பேர் வேண்டும். முழு உரிமை கொடுக்காமல் சக யூதர்களைத் தரையில் உட்காரவைத்த அதே ஜெபக்கூடத்தில், பிற்காலத்தில் பத்துப் பேர் சேருவதே கஷ்டமானது.

இதைப் படித்துவிட்டு அவர்களை மட்டும் குறை சொல்ல நமக்கு வாய் வராது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாதய்யர் ஒடுக்கப்பட்ட மக்களை அழைத்துச் சென்றது 1939 ஜூலை 8இல்தான். நாமும் அதுவரை எத்தனையோ ஏகாதசி விரதம் இருந்தவர்கள்தான். தீண்டாமை ஒழிப்பு சாதி இந்துக்கள் செய்ய வேண்டிய பிராயச்சித்தம் என்று காந்தி திரும்பத் திரும்பச் சொன்னார். தாழ்த்தப்பட்டவர்களுக்குச் செய்யும் தர்மம் என்று அவர் சொல்லவில்லை.

காந்திக்கு நெருங்கிய யூத நண்பர் ஹெர்மன் காலன்பாக். ஜோகன்னஸ்பர்க்கில் கட்டடக் கலைஞர். 1910இல் தம்முடைய 1,100 ஏக்கர் நிலத்தை வாடகை இல்லாமல் சத்தியாக்கிரகிகளின் குடும்பங்களுக்குக் கொடுத்தார். அதுதான் டால்ஸ்டாய் பண்ணை. அங்கே தமிழர்களும் இருந்தார்கள். 1913இல் ஃபீனிக்ஸ் ஆசிரமத்தில் இருவர் ஒழுக்கம் தவறினார்கள் என்று கேள்விப்பட்டு, காந்தி ஏழு நாள் உண்ணாவிரதமும், நாலரை மாதத்துக்கு ஒருவேளைச் சாப்பாடும் ஏற்றார். காலன்பாக் முதலில் தடுத்தார். பிறகு அது நியாயம் என்று ஒப்புக்கொண்டு, தாமும் கூடச் சேர்ந்துகொண்டார். சத்திய சோதனையில் காந்தி இதை எழுதியிருக்கிறார். பிறர் தவறில் தனக்கும் பங்கு உண்டு என்ற எண்ணம் ஜெபத்தின் 'நாங்கள் செய்தோம்' என்பதற்கு மிக அருகில் இருக்கிறது.

கடைசியாக, நம் வயதுக்காரர்களுக்கு ஒன்று. அந்தக் காலத்தில் காசிக்குப் புறப்படுகிறவர்கள் வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொள்வார்கள். "மனசு நோக ஏதாச்சும் பேசியிருந்தா வச்சுக்காதீங்கம்மா" என்று கிழவிகள் கையைப் பிடித்துக்கொண்டு சொல்வதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். திரும்பி வருவது நிச்சயமில்லை என்பதால் அந்த வழக்கம். இப்போது ரயிலும் விமானமும் வந்துவிட்டன, சொல்லிக்கொள்வது நின்றுவிட்டது.

கேட்க வேண்டியவர் இறந்துபோயிருந்தால்? 12ஆம் நூற்றாண்டில் மைமோனிடெஸ் என்ற யூத அறிஞர் இதற்கும் விதி எழுதிவைத்திருக்கிறார். பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு அவருடைய கல்லறைக்குப் போய், 'இவருக்கு நான் இன்ன குற்றம் செய்தேன்' என்று அவர்கள் முன்னால் சொல்ல வேண்டும். அவருக்குப் பணம் தர வேண்டியிருந்தால் வாரிசுகளிடம் கொடுத்துவிட வேண்டும். உயிரோடு இருப்பவர் மன்னிக்க மறுத்தால், மூன்று முறை வரை ஆட்களோடு போய்க் கேட்க வேண்டும். அதற்கும் மறுத்தால் பாவம் மறுத்தவர் பக்கம் போய்விடுகிறது.

பங்காளிச் சண்டையில் பேச்சுவார்த்தை நின்று, இழவு வீட்டில்கூட முகம் பார்க்காத குடும்பங்கள் நம் பக்கம் எவ்வளவோ உண்டு. கல்லறைக்குப் பத்துப் பேரைக் கூட்டிப்போவதைவிட, இருக்கும்போதே ஒரு வீட்டுப் படி ஏறுவது சுலபம்.