போகாத குப்பையின் கணக்கு: கலிஃபோர்னிய உள்ளாட்சிகளும் மடைமாற்ற விகிதமும்

கலிஃபோர்னியாவில் குப்பைக் கிடங்கின் வாசலில் லாரி எடைமேடை ஏறியதும் ஓட்டுநரிடம் ஒரு கேள்வி கேட்பார்கள்: எந்த ஊர்க் குப்பை? அவர் சொல்லும் ஊரின் பெயரில் அந்த டன்கள் பற்று எழுதப்படும். 58 கவுண்டிகளும் 480-க்கு மேற்பட்ட நகரங்களும் கொண்ட அந்த மாநிலத்தில், ஓர் ஊர் குப்பைச் சட்டத்தை நிறைவேற்றியதா என்று பார்ப்பதற்கு நெடுங்காலமாக அடித்தளமாக இருந்தது இந்த வாசல் பதில்தான். ஆனால் சட்டம் கேட்டது வேறு. கிடங்குக்கு வந்தது எவ்வளவு என்று அது கேட்கவில்லை. வராமல் மறுசுழற்சிக்கும் உரத்துக்கும் மடைமாறியது எவ்வளவு என்றே கேட்டது. வந்ததை நிறுக்கலாம், வராததை எந்த மேடையில் ஏற்றுவது? இதற்கு விடை தேடிய முப்பது ஆண்டுகளில் மாநிலம் தன் கேள்வியையே மெல்ல மெல்ல மாற்றிக்கொண்டது என்பதும், அப்படி அளவுகோல் மாறியபோதெல்லாம் ஒரு கூடைக் குப்பைகூட இடம்பெயராமலே சதவீதங்கள் இடம்பெயர்ந்தன என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

1987-இல் நியூயார்க்கின் ஐஸ்லிப் பகுதிக் குப்பை 3,100 டன்னுக்கு மேல் ஏற்றிக்கொண்டு புறப்பட்ட ‘மோப்ரோ 4000’ என்ற சரக்குத் தோணி, இறக்க இடம் கிடைக்காமல் பெலீஸ் வரை அலைந்து, திரும்பி வந்து, கடைசியில் அதன் சரக்கு புரூக்ளினில் எரித்துச் சாம்பலாக்கப்பட்டது. குப்பை போட இடம் தீர்ந்துவிட்டது என்ற அச்சம் அமெரிக்கா முழுவதும் பரவியது. அந்தச் சூழலில் 1989-இல் கலிஃபோர்னியச் சட்டமன்ற உறுப்பினர் பைரன் ஷேர் கொண்டுவந்த ‘ஏபி 939’ மசோதா ஆளுநர் ஜார்ஜ் டூக்மேஜியன் கையெழுத்துடன் சட்டமானது. ஒவ்வொரு நகரமும் கவுண்டியும் 1995-க்குள் குப்பையில் 25 சதவீதத்தையும் 2000-க்குள் 50 சதவீதத்தையும் மடைமாற்ற வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 10,000 டாலர் வரை அபராதம். அப்போது மாநிலத்தின் குப்பையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் கிடங்கைத் தவிர்த்துக்கொண்டிருந்தது.

கணக்கு காகிதத்தில் எளிது: உண்டான குப்பை என்பது புதைத்ததும் மடைமாற்றியதும் சேர்ந்தது. 1990 அடிப்படை ஆண்டு. நடைமுறையில் இரண்டாவது உறுப்புதான் காலை வாரியது. பழைய இரும்புக்காரர், அட்டை வாங்கி விற்பவர், இடித்த கான்கிரீட்டை நொறுக்கிச் சாலைக்கு விற்பவர் எல்லோரும் தனியார். எத்தனை டன் கையாள்கிறோம் என்பது அவர்களுக்குத் தொழில் ரகசியம். நகராட்சி கேட்டால் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. ஒரே சரக்கு மூன்று கை மாறினால் மூன்று முறை கணக்கில் ஏறும் ஆபத்தும் உண்டு. போதாக்குறைக்கு, ஒருநாளும் கிடங்குக்குப் போயிராத பழைய இரும்பையும் கல்லையும் மடைமாற்றக் கணக்கில் சேர்த்தால் விகிதம் உழைப்பில்லாமல் உயரும். அத்தகைய பொருள்களுக்குப் பிற்பாடு தனிக் கட்டுப்பாடு தேவைப்பட்டதே அந்த ஆசைக்குச் சான்று.

1992-இல் ‘ஏபி 2494’ வழியே முதல் பின்வாங்கல் நடந்தது. மடைமாறியதை எண்ண வேண்டாம்; புதைத்ததை மட்டும் எடைமேடையில் நிறுத்துக்கொள்ளலாம். உண்டான குப்பையை மதிப்பிட, 1990-இன் அளவை மக்கள்தொகை, வேலைவாய்ப்பு, வரிக்குட்பட்ட விற்பனை, நுகர்வோர் விலைக் குறியீடு ஆகியவற்றின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்பத் திருத்திக்கொள்ள வேண்டும். அதிலிருந்து புதைத்ததைக் கழித்தால் மிஞ்சுவது மடைமாற்றம். இதன் விளைவைக் கவனிக்க வேண்டும். மறுசுழற்சியைப் பற்றி ஆண்டுதோறும் வெளிவந்த சதவீதம், மறுசுழற்சியை நேரே அளக்காமல் பிறந்த எண். கடைவீதியில் விற்பனை செழித்தால் ‘உண்டான குப்பை’ காகிதத்தில் பெருகும். புதைத்த டன் அப்படியே இருந்தாலும் ஊரின் விகிதம் ஏறும்.

கழிக்கப்படும் எண்ணிலும் ஓட்டை இருந்தது. பல கிடங்குகளில் காலாண்டுக்கு ஒரு வாரம் மட்டும் ஊர்ப் பெயர் கேட்டு, அந்த விழுக்காட்டையே முழுக் காலாண்டுக்கும் பரப்பினார்கள். ஓட்டுநரோ அஞ்சல் முகவரியில் இருக்கும் ஊரைச் சொல்வார். வேலை நடந்த இடம் நகர எல்லைக்கு வெளியே கவுண்டியின் பொறுப்பில் இருந்திருக்கும். பக்கத்து ஊர்ப் பழி தன் தலையில் விழுந்த நகராட்சிகள் கிடங்குச் சீட்டுகளைத் தோண்டிச் சரிபார்க்க வேண்டியிருந்தது. 2006-இல் வந்த விதிகள் பெரிய கிடங்குகளில் அன்றாடம் கேட்கும்படி செய்தன.

இந்த வரலாற்றின் விசித்திரமான அத்தியாயம் கிடங்கின் போர்வையைப் பற்றியது. நாய், பறவை, நாற்றம், தீ இவற்றைத் தடுக்க, அன்றைய குப்பைமீது மாலையில் ஆறங்குல மண் பரப்ப வேண்டும் என்பது விதி. மண்ணுக்குப் பதிலாக வேறு சிலவும் அனுமதிக்கப்பட்டன: அரைத்த தோட்டக் கழிவு, துண்டாக்கிய டயர், கட்டட இடிபாட்டுத் தூள், கழிவுநீர்ச் சேறு. 1996-இன் ‘ஏபி 1647’ இவற்றைப் போர்வையாகப் பயன்படுத்துவதையும் மடைமாற்றம் என்றே ஏற்றது. அதாவது ஒரு லாரி புல்லும் இலையும் கிடங்குக்குள்ளேயே போய், கிடங்கிலேயே தங்கி, கிடங்கைத் தவிர்த்ததாகப் பதிவாகும்! மண் செலவு மிச்சம் என்ற வாதத்தில் உண்மை இருந்தது. ஆனால் உரக்கூடம் கட்டுவதைவிட இது மலிவு. எனவே பல ஊர்களின் இலைதழை போர்வையாயிற்று. தோட்டக் கழிவுக்கான இச்சலுகையை 2014-இன் ‘ஏபி 1594’ நீக்கியது, அதுவும் 2020 ஜனவரி 1 முதல்தான்.

2000-இல் மாநில விகிதம் 42 சதவீதம். 2005-இல் 52. இலக்கைத் தாண்டியது உண்மை என்றாலும், 1990-ஐ வைத்துப் பதினைந்து ஆண்டு கழித்து மதிப்பிடும் எண்மீது கணக்கெழுதியவர்களுக்கே பிடிப்பு குறைந்திருந்தது. 2008-இன் ‘எஸ்பி 1016’ இரண்டாவது பின்வாங்கல்: விகிதமே வேண்டாம், ஆளுக்கு நாளொன்றுக்கு எத்தனை பவுண்டு புதைத்தீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். 2003 முதல் 2006 வரையிலான சராசரியிலிருந்து ஒவ்வோர் ஊருக்கும் 50 சதவீதத்துக்கு இணையான இலக்கு வகுக்கப்பட்டது. மாநிலம் முழுமைக்கும் அது 6.3 பவுண்டு. சொற்பப் பேரே குடியிருந்து பல்லாயிரம் பேர் வேலைக்கு வரும் வெர்னன் போன்ற தொழில் நகரங்களை மனத்தில் வைத்து, ஊழியர் தலைக்கும் ஒரு கணக்கு சேர்ந்தது. எண் இனிமேல் தீர்ப்பல்ல, ஒரு குறிப்பு மட்டுமே. ஊர் தன் திட்டங்களை நடத்துகிறதா என்பதே முதன்மை ஆயிற்று. அது நேர்மையான மாற்றம் என்று நினைக்கிறேன். ஆனால் 2008-இன் பொருளாதாரச் சரிவில் கட்டுமானம் நின்று குப்பை குறைந்தபோது, அந்தக் குறைவும் சாதனையின் நிழலில் ஒதுங்கிக்கொண்டது.

2011-இன் ‘ஏபி 341’ 2020-க்குள் 75 சதவீதம் என்றது. இந்தமுறை சொல்லும் மாறியது: மடைமாற்றம் அல்ல, குப்பையைத் தோன்றுமிடத்திலேயே குறைத்தல், மறுசுழற்சி, உரமாக்கல் ஆகியவை. போர்வையும் எரிப்பும் இதில் சேராது. ஆளுக்கு நாளொன்றுக்கு உண்டான குப்பையின் 1990–2010 சராசரியான 10.7 பவுண்டை அடிப்படையாகக் கொண்டு, புதைப்பதற்கான இலக்கு 2.7 பவுண்டு ஆனது. பழைய அளவுகோலில் ஏறத்தாழ 65 சதவீதம் என்று வந்த 2014, புதியதில் 50 சதவீதம் ஆயிற்று. 2018-இல் சீனா கழிவு இறக்குமதிக்குக் கதவடைத்தது. உள்நாட்டில் புதைப்பதும் ஏறியது. 2019-இல் விகிதம் 37.

சான் ஃபிரான்சிஸ்கோவைக் குறிப்பிடாமல் இது முழுமையாகாது. 2012-இல் அந்நகரம் 80 சதவீதம் என அறிவித்தது. உலகெங்கும் அந்த எண் மேற்கோளாயிற்று. வீட்டு வாசலில் மூன்று தொட்டி, கட்டாய உரக்குப்பைப் பிரிப்பு என அதன் உழைப்பு மெய்யானது. ஆனால் அந்த 80-க்குள் எடைமிக்க கட்டட இடிபாடும் அடங்கும். ஒரு லாரி கான்கிரீட்டுக்கு ஈடுகொடுக்க எத்தனை வீட்டுத் தொட்டி வேண்டும்! 2018-இல் நகரமே இலக்கின் மொழியை மாற்றியது: 2030-க்குள் உண்டாகும் குப்பையில் 15 சதவீதமும், கிடங்குக்கும் எரிப்புக்கும் போவதில் 50 சதவீதமும் குறைக்க வேண்டும்.

பழைய இரும்புக்காரர் கதவை மாநிலம் கடைசியில் தானே தட்டியது. 2015-இன் ‘ஏபி 901’ மறுசுழற்சியாளர்களும் உரம் செய்வோரும் தரகர்களும் தங்கள் டன்களை நேரடியாக மாநிலத் துறைக்கே அறிவிக்கக் கட்டாயப்படுத்தியது. 2019-இல் அறிக்கைகள் வரத் தொடங்கின. 1990-இல் நகராட்சிகள் கெஞ்சியும் கிடைக்காத தகவல் இது. உள்ளாட்சியின் வேலையோ வேறாகிவிட்டது. 2022-இல் நடைமுறைக்கு வந்த ‘எஸ்பி 1383’ விதிகளின்படி, தலைக்கு ஆண்டுக்கு 0.08 டன் கரிமக் கழிவுக்கு ஈடான உரம் முதலியவற்றை ஊரே வாங்க வேண்டும்; மீந்த உணவு எங்கே போகிறது என்று பதிவேடு வைக்க வேண்டும்; குப்பை எடுக்கும் தடங்களில் ஆள் நடந்துபோய்த் தொட்டி மூடியைத் திறந்து, உரத்தொட்டியில் பிளாஸ்டிக் கிடக்கிறதா என்று பார்த்து எழுத வேண்டும். ஆகஸ்ட் 1-க்குள் மாநிலத்துக்குப் போகும் ஆண்டறிக்கையில், புதைத்த பவுண்டுகளுக்கு அருகே இந்த வேலைகளின் விவரமும் இடம்பெறுகிறது.