தெரிந்த படையும் தெரியாத கணக்கும்

உத்திரமேரூர் என்றதும் நம் எல்லோருக்கும் என்ன ஞாபகம் வரும்? குடவோலை! பள்ளிக்கூடத்திலேயே படித்தாயிற்று. பனை ஓலையில் பெயரை எழுதி, குடத்தில் போட்டு, குலுக்கி, விவரம் தெரியாத ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் வெட்டி வைத்த சமாசாரம். காஞ்சிபுரத்திலிருந்து கூப்பிடு தூரம்தான், பார்க்காதவர்கள் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஆனால், அந்தக் கல்வெட்டில் எனக்குப் பிடித்த பகுதி குடவோலை அல்ல, கணக்கு!

ஏற்கெனவே வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி தேர்தலில் நிற்கவே முடியாது. சரி, நியாயம்தானே என்கிறீர்களா? பொறுங்கள். அவர் மட்டுமில்லை. அவருடைய சித்தி பிள்ளை, பெரியம்மா பிள்ளை, மாமன், மாமனார், மச்சினன், மருமகன், அப்பா, மகன்... ஒருத்தரும் நிற்க முடியாது! ஏதோ ஓர் ஏரி வாரியத்தில் யாரோ ஒரு சித்தப்பா ஏடாகூடமாக நடந்துகொண்டால், மொத்தக் குடும்பத்துக்கும் கதவு சாத்தப்படும். ஊர்க் கணக்கு எழுதுகிறவருக்கு இன்னும் ஒரு கிடுக்கிப்பிடி. அவர் எழுதிய கணக்கை அவரேதான் வந்து ஒப்புவிக்க வேண்டும். இன்னொரு கணக்கரை வைத்து முடித்துவிடக் கூடாது. ‘சுத்தம்’ என்று பெரியவர்கள் சொன்ன பிறகுதான் மறுபடி அந்த வேலைக்கே வர முடியும்.

இத்தனைக்கும் எதற்கு இந்தக் கெடுபிடி? ஏரியில் தூர் வாரவும், தோட்டத்தைப் பராமரிக்கவும்தான். கையில் மண்வெட்டியும் எழுத்தாணியும் வைத்திருக்கிறவர்களுக்கே இப்படி என்றால், வாள் வைத்திருந்தவர்களுக்கு?

அங்கேதான் விஷயம் இருக்கிறது.

சோழர் ராணுவத்தில் சாதாரணப் படைகள் போக, பொறுக்கி எடுக்கப்பட்ட படைகள் இருந்தன. அதற்கு அவர்கள் வைத்த பெயர் அழகான தமிழ் - ‘தெரிந்த’ படை. தெரிந்த என்றால், தெரிந்தெடுக்கப்பட்ட. இன்று நாம் கமாண்டோ, ஸ்பெஷல் ஃபோர்ஸ் என்றெல்லாம் சொல்கிறோமே, அதேதான்! தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் இவர்களின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. ராஜராஜத் தெரிந்த கைக்கோளர், சிங்களாந்தகத் தெரிந்த கைக்கோளர், க்ஷத்திரிய சிகாமணித் தெரிந்த வலங்கை வேளைக்காரர்... பெரும்பாலும் ராஜாவின் பட்டப் பெயர்தான் படையின் பெயர். அதாவது, அந்தப் படை ராஜாவின் சொந்தக் கை.

இவர்களில் வேளைக்காரர்கள் தனி ரகம். ‘வேளை’ வந்தால் அரசனுக்காக உயிரை விடுவேன் என்று சபதம் செய்தவர்கள் என்பது பல அறிஞர்கள் தரும் விளக்கம். தமிழ்நாட்டுக் கரைக்கு வந்து போன மார்க்கோ போலோ, ராஜாவின் சிதையில் அவனுடைய அணுக்க வீரர்களும் விழுந்து மடிவதைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார். கேட்கவே சிலிர்க்கிறதல்லவா? ஆனால் இந்தச் சபதத்தில் ஓர் ஆபத்தும் உண்டு. ஊர்ச் சபைக்கோ, தர்ம சாஸ்திரத்துக்கோ அல்ல, ஒரே ஒரு மனிதனுக்குத்தான் அவர்கள் கடமைப்பட்டவர்கள். ஏரி வாரியத்துக்காரர் நூறு பேருக்குப் பதில் சொல்ல வேண்டும். வேளைக்காரர் ஒருவருக்குச் சொன்னால் போதும். அந்த ஒருவரோடு மனஸ்தாபம் வந்துவிட்டால்?

வந்தது! தஞ்சையில் அல்ல, கடல் தாண்டி, இலங்கையில்.

சுமார் எழுபது வருடங்கள் சோழர்கள் இலங்கையின் வடபாதியை ஆண்டார்கள். பொலன்னறுவைதான் தலைநகரம். 1070-வாக்கில் அவர்களை விரட்டிவிட்டு அங்கே அரியணை ஏறினான் முதலாம் விஜயபாகு. வேடிக்கை என்னவென்றால், சோழர்களை விரட்டிய அந்த மன்னனிடமே தமிழ் வேளைக்காரப் படை வேலை பார்த்தது! கூலிக்குப் போர் செய்கிறவர்களுக்கு எஜமானர் மாறுவது அந்தக் காலத்தில் பெரிய அதிசயமில்லை. ஆனால் இந்த எஜமானருக்கு ஒருநாள் சோழன் மேல் பயங்கரக் கோபம் வந்தது. கர்நாடகத்துக்கு அவன் அனுப்பிய தூதர்களைச் சோழர்கள் வழியில் பிடித்து, மூக்கையும் காதையும் அறுத்துத் திருப்பி அனுப்பிவிட்டதாகச் சொல்கிறது ‘சூளவம்சம்’. (தூதர்களை இப்படிச் செய்வது வீரமா? எழுதிய நூல் சிங்களத் தரப்பு என்பதைக் கழித்துக்கொண்டாலும், நம்மவர்களும் சாது இல்லை என்பது நினைவிருக்கட்டும்.) கிளம்பட்டும் படை என்றான் விஜயபாகு.

வேளைக்காரர்கள் முடியாது என்றார்கள். சோழனுக்கு எதிராக வாள் எடுக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. இது நடந்தது 1080-களின் மத்தியில்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். சொந்த ஜனங்களைக் கொல்ல மாட்டேன் என்று ஒரு சிப்பாய் சொல்வது குற்றமா? ராணுவச் சட்டம் ஆமாம் என்று சொல்லும், மனசு தயங்கும். என்னைக் கேட்டால், வேளைக்காரர்கள் ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தால் அவர்களுக்காக இன்று நாம் வக்காலத்தே வாங்கலாம். ஆனால் அவர்கள் செய்தது வேறு. தளபதிகள் இருவரையும் கொன்றார்கள். பொலன்னறுவை நகரத்தைச் சூறையாடினார்கள். மன்னனின் தங்கையையும் அவளுடைய மூன்று பிள்ளைகளையும் பிடித்துக்கொண்டார்கள். அரண்மனைக்குத் தீ வைத்தார்கள்! மறுப்பு என்பது கொள்ளையாக மாறியதற்கு எவ்வளவு நேரம் பிடித்தது பாருங்கள். அந்த நகரத்துக் கடைக்காரனுக்கும் சோழ ராஜாவுக்கும் என்ன சம்பந்தம்?

விஜயபாகு தலைநகரை விட்டுத் தெற்கே ஓடினான். தம்பி வீரபாகுவோடு திரும்பி வந்து, சண்டையிட்டு நகரத்தை மீட்டான். பிறகு விசாரணை... விசாரணையாவது! கலகத் தலைவர்களின் கைகளைப் பின்னால் கட்டி, கொல்லப்பட்ட தளபதிகளின் சிதையருகே கொண்டுவந்து, சுற்றிலும் தீ மூட்டி எரித்தான். பதிலுக்குப் பதில். யார் கொன்றான், யார் கொள்ளையடித்தான், யார் சும்மா நின்றான் என்று யாரும் ஓலை போட்டுக் கணக்கெடுத்ததாகத் தெரியவில்லை.

அப்புறம் நடந்ததுதான் சுவாரஸ்யம். அந்தப் படையை அவன் கலைக்கவில்லை! தலைகள் போயின, உடம்பு அப்படியே இருந்தது. விஜயபாகு 55 வருடம் ஆண்டு மறைந்த பிறகு, பொலன்னறுவையில் ஒரு தமிழ்க் கல்வெட்டு எழுந்தது. புத்தரின் புனிதப் பல் வைத்திருந்த கோயிலை, பெளத்தத் துறவி ஒருவரின் வேண்டுகோளின்படி, வேளைக்காரர்கள் கூடித் தங்கள் பாதுகாப்பில் ஏற்றுக்கொள்கிறார்கள். வலங்கை, இடங்கை, வடுகர், மலையாளர் என்று எல்லாப் பிரிவும் அதில் உண்டு. ‘மூன்று கைத் திருவேளைக்காரன்’ என்று தங்கள் பெயரையே அந்தப் பள்ளிக்கு வைத்து, இதை மீறுகிறவன் எங்கள் படைக்கே துரோகி என்று கல்லில் எழுதிவைத்தார்கள். ஒரு காலத்தில் அரண்மனைக்குத் தீ வைத்தவர்கள், இப்போது கோயிலுக்குக் காவல்! மனம் திருந்தினார்களா, மன்னன் இல்லாத நேரத்தில் தங்கள் பலத்தைக் காட்டினார்களா? நான் இரண்டாவது பக்கம்தான் சாய்வேன். பின்னால் பராக்கிரமபாகு காலத்திலும் வேளைக்காரர்கள் கலகத்தில் இறங்கியதை அதே சூளவம்சம் சொல்கிறது.

படையையே கலைத்திருந்தால் சரியாகியிருக்குமா? நம் காலத்தில் ஒரு நாடு அதையும் செய்து பார்த்தது. கனடா! அவர்களுடைய வான்வழிப் படைப்பிரிவு, நாட்டின் பெருமை. 1992-ன் கடைசியில் சோமாலியாவுக்கு அமைதிப் பணிக்குப் போனது. முகாமுக்குள் நுழைந்துவிட்டான் என்று ஷிடேன் அரோன் என்ற 16 வயதுப் பையனைப் பிடித்துக் கட்டிப்போட்டு, மணிக்கணக்கில் அடித்தே கொன்றார்கள். பக்கத்தில் நின்று போட்டோவும் எடுத்துக்கொண்டார்கள்! ஒரு சிப்பாய்க்கு ஐந்து வருடச் சிறை. முக்கியக் குற்றவாளி என்று சொல்லப்பட்டவர் தற்கொலைக்கு முயன்று மூளை பாதிக்கப்பட்டதால், வழக்கை நடத்தவே முடியவில்லை. 1995-ல் அந்தப் படைப்பிரிவையே கலைத்துவிட்டார்கள். விசாரணை கமிஷன் ஒன்றும் அமைத்தார்கள். ராணுவத் தலைமையகத்தில் ஆவணங்களைத் திருத்தியிருக்கிறார்கள் என்பது வெளியே வந்தது. கமிஷன் மேலே மேலே ஏணி ஏறிக்கொண்டிருந்தபோது, 1997-ல் அரசாங்கம் ‘போதும், அறிக்கையை முடியுங்கள்’ என்றுவிட்டது!

ஆஸ்திரேலியா கதை இன்னும் கசப்பு. அவர்களுடைய சிறப்புப் படையினர் 25 பேர், ஆப்கானிஸ்தானில் 39 பேரைச் சட்டவிரோதமாகக் கொன்றதில் சம்பந்தப்பட்டிருக்கிறார்கள் என்பதற்கு நம்பத்தகுந்த தகவல் இருப்பதாக 2020 நவம்பரில் வெளியான ப்ரெரட்டன் அறிக்கை சொன்னது. புதிதாக வந்த வீரனை முதல் கொலைக்குப் பழக்க, பிடிபட்ட கைதியைச் சுடச் சொல்வார்களாம். செத்தவன் பக்கத்தில் ஒரு துப்பாக்கியையோ வயர்லெஸ்ஸையோ போட்டுவிட்டால், அவன் ‘எதிரி’ ஆகிவிடுவான். உத்திரமேரூர்க்காரர்கள் இதைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் தெரியுமா? கள்ளக் கணக்கு! பொய் ஆவணம் எழுதியவனையும் அவர்கள் பட்டியலிலிருந்து தள்ளி வைத்திருந்தார்கள்.

மறுபடி இலங்கைக்கே வருவோம். 2000-ஆம் ஆண்டு டிசம்பர். யாழ்ப்பாணம் பக்கம் மிருசுவில். போரால் இடம்பெயர்ந்த சிலர், விட்டுவந்த தங்கள் வீடு வாசலைப் பார்த்துவிட்டு வரலாம் என்று போனார்கள். ராணுவத்தினர் பிடித்தார்கள். எட்டுப் பேரைக் கழுத்தறுத்துக் கொன்று குழியில் போட்டுவிட்டார்கள். அதில் ஒன்று ஐந்து வயதுக் குழந்தை. காயத்தோடு ஒரே ஒருவர் தப்பி வந்தார். அவர் சொல்லித்தான் விஷயம் வெளியே வந்தது, உடல்கள் தோண்டி எடுக்கப்பட்டன. அவர் மட்டும் அன்றைக்கு ஓடி வந்திருக்காவிட்டால் அந்த எட்டுப் பேரும் ‘காணாமல் போனவர்கள்’ கணக்கில் சேர்ந்திருப்பார்கள்.

வழக்கு இழுத்தது. 2015 ஜூனில் தீர்ப்பு. குற்றம் சாட்டப்பட்ட ஐந்து பேரில் நான்கு பேர் விடுதலை, ஸ்டாஃப் சார்ஜென்ட் சுனில் ரத்நாயக்கவுக்கு மரண தண்டனை. 2019-ல் ஐந்து நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு, ஒருமனதாக அதை உறுதி செய்தது. இலங்கைச் சரித்திரத்தில் இப்படி ஒரு தீர்ப்பு அபூர்வத்திலும் அபூர்வம். சிங்கள நீதிபதிகளும் இருந்த அமர்வு, தமிழ்ச் சாட்சியின் வார்த்தையை நம்பி அதை எழுதியது.

2020 மார்ச் 26. கொரோனா ஊரடங்கில் நாடே வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தது. அன்றைக்கு ஜனாதிபதி கோத்தபய ராஜபக்ச (இவரே முன்னாள் ராணுவ அதிகாரி, போர்க்காலத்துப் பாதுகாப்புச் செயலாளர்) ஒரே ஒரு கையெழுத்துப் போட்டார். பொது மன்னிப்பு. ரத்நாயக்க சிறையிலிருந்து வெளியே நடந்து வந்தார். பதினைந்து வருடம் கீழ்க்கோர்ட்டிலும், நான்கு வருடம் மேல்கோர்ட்டிலும் எழுதிய கணக்கு அது.