பாலாற்றங்கரைப் பிள்ளைகளும் பழம்பெரும் நாகரிகங்களும்

பண்டை மக்கள் ஆற்றங்கரைகளிலேயே முதன்முதல் நகரங்களை அமைத்தனர் என்பது ஆறாம், ஏழாம் வகுப்புகளில் பயிலும் பிள்ளைகள் அனைவரும் கற்கும் பாடம். நைல், யூப்ரடீஸ், டைகிரிஸ், சிந்து, மஞ்சளாறு என்னும் பெயர்களை அவர்கள் மனப்பாடம் செய்கின்றனர்; தேர்வில் எழுதுகின்றனர்; கோடை விடுமுறையில் மறந்தும் விடுகின்றனர். இதில் பிள்ளைகளைக் குறை கூறுவதற்கில்லை. கண்ணால் காணாத அவ்வாறுகளோடு தமக்கு உள்ள உறவு யாது என்பதை அவர்களுக்கு எடுத்துரைப்பார் அரியர். கோலார் தங்கவயலில் வாழும் தமிழ்ப் பிள்ளைகளின் நிலை இன்னும் சற்றுக் கடினமானது. பள்ளி ஒரு மாநிலத்தில். பாட்டன் பூட்டன் பிறந்த ஊர் வேறொரு மாநிலத்தில். வரலாறு என்பது எங்கோ, யாருக்கோ நிகழ்ந்தது என்னும் எண்ணம் அவர்கள் உள்ளத்தில் எளிதில் வேரூன்றிவிடும். அவ்வெண்ணம் மாற வேண்டுமாயின், ஆற்றங்கரை நாகரிகப் பாடத்தை நைல் நதியில் தொடங்காமல் பாலாற்றில் தொடங்க வேண்டும் என்பதே நாம் இங்குக் கூற விழைவது.

பாலாறு நந்திமலைப் பகுதியில் தோன்றிக் கோலார் மாவட்டத்தின் வழியே பாய்கிறது. அதன் நீளம் 348 கிலோமீட்டர். இதில் 93 கிலோமீட்டர் கர்நாடகத்திலும், 33 கிலோமீட்டர் ஆந்திரத்திலும், எஞ்சிய 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டிலும் உள்ளன. வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், காஞ்சிபுரம் வட்டாரங்களைக் கடந்து, வயலூர் அருகே அது கடலிற் கலக்கிறது. 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் நிறுவனத்தார் தங்கவயலில் சுரங்கத் தொழிலில் இறங்கிய பின்னர், வட ஆர்க்காடு, சித்தூர், சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து நம் முன்னோர் வேலை நாடி வந்தனர். அவருள் வட ஆர்க்காட்டிலிருந்து வந்தோர் பலர், பாலாற்றின் கீழ்க்கரையை விட்டு அதன் மேற்பகுதியை நோக்கி வந்தவர்களே. அவர்கள் அரசின் எல்லையைக் கடந்தனர். ஆற்றின் எல்லையைக் கடக்கவில்லை.

தங்கவயலுக்குக் குடிநீர் அளித்த பேத்தமங்கலம் ஏரி இப்பாலாற்று நீரைத் தேக்கியதே. அவ்வூரின் பழம்பெயர் விசயாதித்தமங்கலம். உடைந்த ஏரிக்கரை கி.பி. 10ஆம் நூற்றாண்டில், நுளம்ப மன்னர் ஆட்சியில் செப்பனிடப்பட்டதைக் கல்வெட்டு தெரிவிக்கிறது. ஆகவே ஆசிரியர் ஒரு குடம் நீரைக் காட்டியே பாடத்தைத் தொடங்கலாம். இந்நீரைத் தேக்கியவர் யார்? கரை உடைந்தபோது கூடி அடைத்தவர் யார்? நீர் குறைந்தால் யாருக்கு எவ்வளவு பங்கு? அதை அளப்பது எங்ஙனம்?

இவ்வினாக்களையே நைலும் யூப்ரடீசும் தம் கரையில் வாழ்ந்தோரிடம் கேட்டன. நைல் ஆண்டுதோறும் குறித்த பருவத்தில் பெருகி, வண்டலைப் பரப்பி வடியும். பெருக்கு வரும் பருவத்தை அறிந்து உழவு செய்ய நாட்கணக்கு வேண்டியிருந்தது. எகிப்தியர் 365 நாள் கொண்ட ஆண்டை வகுத்தனர். மெசபடோமியாவிலோ, பயிர் விளைந்து நிற்கும் வேளையிலே வெள்ளம் வந்தது. ஆதலின் சுமேரியர் கரை கட்டவும் கால்வாய் வெட்டவும் கற்றனர். விளைந்த வாற்கோதுமை களஞ்சியத்திற் சேர்ந்தபோது வரவும் செலவும் குறிக்கப்பட்டன. களிமண் பலகையில் கீறிய அக்கணக்குக் குறிகளே பின்னர் எழுத்தாய் வளர்ந்தன. சிந்துவெளியில் மொகஞ்சதாரோ மக்கள் நீளம், அகலம், உயரம் 4:2:1 என்னும் அளவில் செங்கல் சுட்டு, தெருத்தோறும் சாக்கடை அமைத்தனர். 1, 2, 4, 8, 16, 32 என இரட்டித்துச் செல்லும் எடைக்கற்களை வகுத்தனர். நீரை ஆளும் முயற்சியில் மக்கள் கூடி வாழும் முறையைக் கற்றனர் என்பதே இவை அனைத்தின் சாரம்.

அவர்கள் விட்டுச் சென்றவை இன்றும் நம் வீட்டில் உள்ளன. ஒரு மணிக்கு அறுபது நிமிடம் என்பது அறுபதை அடிப்படையாகக் கொண்டு எண்ணிய மெசபடோமியரின் கொடை. நாளை இருபத்து நான்கு கூறாகப் பகுத்தது எகிப்தியர் வழி வந்த முறை. சுரங்கச் சங்கு ஊதிய காலத்தில் தங்கவயல் முழுவதும் அந்தக் கணக்கிற்கே எழுந்தது, உண்டது, உறங்கியது. இதைச் சொன்னால், அச்சங்கொலியைத் தாத்தா வாயிலாகக் கேட்டறிந்த பிள்ளைக்குப் பாபிலோன் தொலைவூராகத் தோன்றாது.

அடுத்துப் பொன்னைப் பற்றிய வினா எழும். மொகஞ்சதாரோவில் அகப்பட்ட பொன்னணிகள் சிலவற்றில் வெள்ளி மிகுதியாகக் கலந்திருப்பதைக் கொண்டு, அப்பொன் கோலாரிலிருந்து சென்றிருக்கலாம் என்னும் கருத்து, 1931இல் சர் ஜான் மார்ஷல் வெளியிட்ட நூலில் இடம்பெற்றது. இதைக் கேட்டதும் நம் நெஞ்சு நிமிர்வது இயல்பே. ஆயினும் இது மெய்ப்பிக்கப்படவில்லை. சிந்துவின் மேற்பகுதி மணலிலும் பொன் துகள் உண்டு, ஆப்கானிஸ்தானத்திலும் உண்டு, தக்காணத்திலேயே ஹட்டி முதலிய பிற வயல்களும் உள்ளன. 1802இல் லெப்டினன்ட் வாரன் மாரிக்குப்பத்தில் பழைய குழிகளையும், அவற்றில் பொன் எடுத்துவந்த ஊர் மக்களையும் கண்டு எழுதினார். ஆனால் கோலாரின் பழங்குழிகளில் கிடைத்த மரத்துண்டுகளின் கரிமக் காலக் கணிப்பு கி.பி. முதல் ஆயிரம் ஆண்டுகளையே சுட்டுகிறது. சிந்துவெளிக் காலம் வரை செல்லவில்லை.

இவ்விரு பக்கத்தையும் பிள்ளைகள் முன் வைத்து, “நீங்கள் நடுவராயின் என்ன தீர்ப்புச் சொல்வீர்கள்?” என்று கேட்பதே நல்ல ஆசிரியரின் கடமை. கீழடிக்கும் இதுவே முறை. வைகைக்கரையில் 2015 முதல் நடைபெறும் அகழாய்வு, கி.மு. ஆறாம் நூற்றாண்டு வரை செல்லும் நகர வாழ்வைக் காட்டியிருக்கிறது. பொருநையாற்றுப் பகுதியில், சிவகளைத் தாழி ஒன்றில் இருந்த நெல்மணிகள் ஏறத்தாழ 3,200 ஆண்டுப் பழமை உடையன. இவை சான்றோடு கூடியவை, உரக்கச் சொல்லலாம். கீழடிப் பானைக் கீறல்கள் சில சிந்துவெளிக் குறிகளை ஒத்துள்ளன என்பது அறிஞர் சிலர் கருத்து. சிந்து எழுத்தோ இன்னும் படித்தறியப்படவில்லை. பிறந்த மண்ணைப் பிரிந்து வாழும் நமக்குப் பெருமை பேசும் ஆசை சற்று மிகுதி. சான்றில்லாப் பெருமையைப் பிள்ளைக்குக் கொடுத்தால், மாற்று மொழி பேசும் தோழன் ஒரு வினா கேட்டதும் அது உடைந்துவிடும். அதனோடு மெய்யான பெருமையும் ஐயத்திற்கு உள்ளாகும்.

ஆற்றுப் பாடம் பேசுவோர் காவிரியைப் பேசாதிருத்தல் இயலாது. திவான் சேஷாத்திரி ஐயர் காலத்தில் திட்டமிடப்பட்டு, 1902இல் சிவசமுத்திரத்தில் காவிரி நீரினின்று எடுத்த மின்சாரம், ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பி வழியே தங்கவயலுக்கு வந்தது. பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது 1905இல்தான். மைசூர் நாட்டில் விழுந்த காவிரி, தமிழ்த் தொழிலாளர் இறங்கிய சுரங்கத்தின் இயந்திரங்களை ஓட்டியது. அதே காவிரியின் பெயரால் 1991இல் நிகழ்ந்த கலவரத்தை நினைந்து, பிள்ளை கேட்டால் பெற்றோர் பேச்சை மாற்றுவதும் உண்டு. மாற்ற வேண்டியதில்லை. சுமேரியாவில் லகாஷ், உம்மா என்னும் இரு நகரத்தார் எல்லை வயலுக்காகவும் கால்வாய் நீருக்காகவும் போரிட்டதை 4,400 ஆண்டுகளுக்கு முற்பட்ட கல் ஒன்று சொல்கிறது. ஆற்றைப் பங்கிட்டுக் கொள்வோரிடையே வழக்கு எழுவது புதிதன்று. 1892, 1924 ஆகிய ஆண்டுகளின் உடன்படிக்கைகளும், 2018ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும், வாளை விடுத்துச் சொல்லால் வழக்கைத் தீர்க்கும் முயற்சிகள். அம்முயற்சியும் நாகரிகத்தின் ஒரு படியே எனப் பிள்ளைகள் அறிதல் நலம்.

பாடத்தின் இறுதிப் பகுதி நகரங்கள் மறைந்த வரலாறு. இதைத் தங்கவயல் பிள்ளைகளைப் போல் உணர்ந்து கற்கக் கூடியவர் வேறெவரும் இரார். 3,200 மீட்டர் ஆழம் வரை சென்று, 800 டன்னுக்கு மேல் பொன் ஈந்த சுரங்கம் 2001 பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டது. சையனைடு மண்மேடுகள் நிற்கின்றன. தந்தையரும் தமையன்மாரும் மாரிக்குப்பத்து இரயிலேறி நாள்தோறும் பெங்களூர் சென்று உழைக்கின்றனர். மொகஞ்சதாரோவும் ஒரே நாளில் அழியவில்லை. ஏறத்தாழ கி.மு. 1900 அளவில் பருவமழை தளர்ந்தது, ஆறுகள் தடம் மாறின, வாணிகம் சுருங்கியது, மக்கள் கிழக்கும் தெற்கும் சிற்றூர்களை நாடிச் சென்றனர். நகரம் வெறுமையுற்றது, மக்கள் அழியவில்லை. மாட்டுவண்டியும், மண்பாண்டத் தொழிலும், மணி கோக்கும் கைத்திறனும் அவர்களோடு நடந்தன. தொழில் மூடினால் ஊரின் கதை முடிந்தது என்று எண்ணி வாடும் இளம் உள்ளத்திற்கு இதனினும் உறுதி தரும் பாடம் ஏது?

ஆகவே தங்கவயலில் ஆசிரியராய், பெற்றோராய் இருக்கும் நாம் மூன்று சிறு செயல்களை மேற்கொள்ளலாம். பிள்ளைகளை ஒரு நாள் பேத்தமங்கலம் ஏரிக்கரைக்கு அழைத்துச் செல்வோம். பாலாற்றின் படம் வரையச் செய்து, அதில் தம் குடும்பம் புறப்பட்டு வந்த ஊரைக் குறிக்கச் சொல்வோம். சுரங்கத்தில் உழைத்த முதியோரைக் கண்டு, அவர் கையாண்ட கருவி, பேசிய சொல், கண்ட விபத்து ஆகியவற்றை ஏட்டில் எழுதி வரச் சொல்வோம். களிமண் பலகையில் கணக்கெழுதிய சுமேரியன் செய்ததும் இதுவே. பம்பாயிலும் தில்லியிலும் கல்கத்தாவிலும் வாழும் தமிழர்க்கும் அவரவர் ஊரில் ஓர் ஆறு உண்டு. அதன் கரையிலிருந்து இப்பாடத்தைத் தொடங்கட்டும்.