ஹெயிற்றியின் நாணயங்களும் விடுதலையின் விலையும்

1817இல் ஹெயிற்றிக் குடியரசு வெளியிட்ட 25 சதீம் வெள்ளி நாணயத்தில் ‘ஆண்டு 14’ என்றே பொறிக்கப்பட்டுள்ளது. 1804 தை முதலாந் திகதி செய்யப்பட்ட விடுதலைப் பிரகடனத்தினின்று எண்ணப்படும் ஆண்டு இது. மறுபுறத்தே குடியரசுத் தலைவர் பெற்றியோனின் தலையுருவம். அடிமைகளாயிருந்தோர் தாமே வென்றமைத்த அரசொன்று, காலக்கணக்கையும் தனதாக்கிக்கொண்டமை ஈண்டு நோக்கற்பாலது.

1697இல் பிரான்சின் வசமான அக்குடியேற்ற நாட்டில் சீனியும் கோப்பியும் விளைந்தன. அவற்றை விளைவித்தோர் ஏறத்தாழ ஐந்து இலட்சம் ஆபிரிக்க அடிமைகள். 1791 ஆவணியில் அவர்கள் கிளர்ந்தெழுந்தனர். 1802இல் நெப்போலியன் அனுப்பிய படையை மறு ஆண்டிலேயே டெசலீனின் தலைமையில் முறியடித்தனர். அக்காலத்தே புழங்கிய பருத்த ஸ்பானிய வெள்ளி நாணயத்தின் அடைமொழியே ‘கூர்து’ என்னும் பணப்பெயராயிற்று. வடபகுதியை ஆண்ட கிறிஸ்தோப் மன்னன் சுரைக்குடுவைகளைப் பணமாக்கியதால் இப்பெயர் வந்ததென்பர். பிரெஞ்சு மொழியில் சுரைக்குடுவைக்கும் அதுவே பெயராதலால் எழுந்த கதை போலும், எனினும் சுவையானது.

1825இல் பிரெஞ்சு மன்னன் பத்தாஞ் சாள்ஸின் போர்க்கப்பல்கள் தலைநகரின் முன் நங்கூரமிட்டன. விடுதலையை ஏற்பதற்கு 150 மில்லியன் பிராங்கு கோரப்பட்டது. முன்னாட் பண்ணையுடைமையாளர் இழந்த நிலத்துக்கும் அடிமைகளுக்குமான நட்டஈடாம் அது! விடுதலை பெற்றவர்களே தம் உடல்களுக்கு விலை செலுத்த வேண்டியதாயிற்று. அவ்வேளை தலைவராயிருந்த புவாயே இணங்கினார். முதற்றவணைக்காகப் பாரிசில் பெற்ற 30 மில்லியன் கடனில் கைக்கு வந்தது 24 மில்லியனே. எஞ்சியது வங்கியாளருக்குரிய கழிவாயிற்று. திறைசேரியின் வெள்ளி கப்பலேற, உள்நாட்டிற் கடதாசிப் பணம் பெருகி மதிப்பிழந்தது. 1838இல் மொத்தத் தொகை 90 மில்லியனாகக் குறைக்கப்பட்டபோதிலும், இக்கடனையும் அதன் வழிவந்த கடன்களையும் தீர்க்க 1947 வரை சென்றது. புவாயேயின் நாணயங்களிலும் விடுதலையாண்டு தொடர்ந்து பொறிக்கப்பட்டு வந்தமையை எண்ணுங்கால் நெஞ்சு கனக்கின்றது.

1880இல் நிறுவப்பட்ட தேசிய வங்கியும் பிரெஞ்சு முதலுக்குரியதே. 1914 மார்கழியில் அமெரிக்கக் கடற்படையினர் அவ்வங்கியிலிருந்த ஐந்து இலட்சம் டொலர் பெறுமதியான பொன்னை நியூயோர்க்குக்குக் கொண்டுசென்றனர். மறு ஆண்டில் நாட்டையே கைப்பற்றி 1934 வரை தங்கினர். ஐந்து கூர்து ஒரு டொலருக்குச் சமமென்னும் விகிதம் அக்காலத்தில் நிலைபெற்றது. 1989இல் அப்பிணைப்பு நீங்கிய பின்னரும், ஐந்து கூர்தை ‘ஹெயிற்றி டொலர்’ எனக் கணக்கிடும் வழக்கம் சந்தைகளில் நீடித்தது. அப்பெயரில் நாணயமெதுவும் என்றுமே அச்சிடப்பட்டதில்லை.